‘ட்ரெக்’ என்பது நடையா, இழுவையா?

சொல்வலை:
தென்னாப்பிரிக்க வரலாறு பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கும் வேலை. 1830களில் டச்சு பேசிய குடியானவர்கள் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த கேப் காலனியை விட்டு உள்நாட்டுக்குப் போனதை அதில் ‘கிரேட் ட்ரெக்’ என்கிறார்கள். நம் பத்திரிகைகளில் ட்ரெக்கிங் என்றாலே மலையேற்றம்தான். ‘மாபெரும் மலையேற்றம்’ என்று எழுதினால் முதுகில் பையும் கையில் கம்புமாக ஒரு கூட்டம் கண்ணில் வருகிறது. மூலத்தில் இருப்பது மாட்டுவண்டி. ஆங்கில அகராதியோ ‘நீண்ட, கடினமான பயணம்’ என்கிறது. இந்தக் ‘கடினம்’ எங்கிருந்து வந்தது? தமிழில் என்ன சொல்லலாம்?

வேர்க்கால்:
பிறந்த இடத்தில் அந்தச் சொல்லுக்குப் பயணம், மலை, கடினம் எதுவுமே பொருள் இல்லை. டச்சு மொழியில் ‘ட்ரெக்கன்’ என்றால் இழு. அவ்வளவுதான்.

பல் பிடுங்குவதும் ட்ரெக்கன், கோடு இழுப்பதும் ட்ரெக்கன். தேயிலையை வெந்நீரில் ஊறவிட்டால் தேநீர் ‘இழுக்கிறது’ என்பார்கள் (நமக்கு டிகாஷன் ‘இறங்கும்’, அவர்களுக்கு இழுக்கும்). வலசை போகும் பறவை ‘ட்ரெக்போகல்’. சீழை உறிஞ்சி இழுக்கும் மருந்துப் பிளாஸ்திரிக்கு ‘ட்ரெக்பிளைஸ்டர்’ என்று பெயர். இன்றைக்கு அதே சொல் சுற்றுலாக் கூட்டத்தை இழுக்கும் இடத்துக்கும் வழங்குகிறது. துப்பாக்கியின் விசைக்கு ‘ட்ரெக்கர்’, அதாவது இழுப்பது. 17ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குப் போய் முதலில் ‘ட்ரிக்கர்’ ஆகி, பிறகு ‘ட்ரிகர்’ என்று நிலைத்தது. மலையேறுபவரும் துப்பாக்கி விசையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

‘இழு’வில் ‘போ’ என்ற பொருள் எப்படி ஏறியது என்பதற்கு ஜெர்மன் மொழி கைகொடுக்கும். அங்கே ‘ட்சீயன்’ என்றாலும் இழு, கிளம்பிப் போ, இடம் மாறு எல்லாம்தான். அதிலிருந்து வந்த ‘ட்சூக்’ ரயில் வண்டி, ஊர்வலம், இழுப்பு மூன்றையும் குறிக்கும். எதை இழுக்கிறோம் என்று சொல்லாமல் விட்டுவிட்டால் ‘இழு’ தானாகவே ‘நகர்’ ஆகிவிடுகிறது. ஆக, இந்த மாற்றம் ஆப்பிரிக்காவில் நடக்கவில்லை. கப்பலேறும்போதே டச்சுக்காரர்களிடம் இரண்டு பொருளும் இருந்தன.

பொதிமாடு:
அப்படியென்றால் டிராக்டர், ட்ரெய்ன், ட்ரெயில், ட்ராக் எல்லாமே இதே வேர்தானே? எல்லாம் இழுவை, எல்லாம் ‘ட்ர’வில் தொடங்குகிறது.

வேர்க்கால்:
@பொதிமாடு, இந்த இடத்தில் கவனம் வேண்டும். டிராக்டர், ட்ரெய்ன், ட்ரெயில் மூன்றும் லத்தீன் ‘ட்ராஹெரெ’ வழி வந்தவை. அதற்கும் இழு என்றே பொருள். ஆனால் ட்ரெக்கனும் ட்ராஹெரெவும் உடன்பிறப்பு ஆக முடியாது. லத்தீனில் சொல் முதலில் ‘ட’ ஒலி இருந்தால், ஒரே மூலத்திலிருந்து வந்த ஜெர்மானியச் சொல்லில் அது ஆங்கில ‘த்ரீ’யின் முதலொலியாக மாறியிருக்க வேண்டும். லத்தீன் ‘ட்ரேஸ்’, ஆங்கில ‘த்ரீ’: இதுதான் விதி. ட்ரெக்கனில் அந்த மாற்றம் இல்லை. ஒலி ஒத்து, பொருளும் ஒத்து வந்தாலும் உறவு வேறு.

ட்ராக் மட்டும் சிக்கலானது. ஆங்கிலத்துக்கு அது பழைய பிரெஞ்சு ‘த்ராக்’ வழியாக வந்தது. பிரெஞ்சுக்கு அது ஜெர்மானிய மொழி ஒன்றிலிருந்து போயிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அது சரியானால் ட்ராக் ட்ரெக்குக்குத் தூரத்துச் சொந்தம். அதற்காகத் தமிழில் ட்ரெக்கிங்கை ‘ட்ராக்கிங்’ என்று எழுதக்கூடாது. ட்ராக்கிங் என்றால் தடம் பார்த்துப் பின்தொடர்வது. கூரியர் பொட்டலத்துக்கும் புலிக்கும் செய்வது.

காரைநகர்:
டச்சுக்காரர் எங்கட இலங்கைக் கரையிலயும் 17ஆம் நூற்றாண்டில இருந்து கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டு இருந்தவை. கந்தோர் (அலுவலகம்), லாச்சி (மேசை இழுப்பறை), கக்கூசு எல்லாம் அவை விட்டுட்டுப் போனது. ஆனா ட்ரெக்கன் மட்டும் எங்கட பேச்சுக்குள்ள வரேல்ல. அவையள் கொண்டுவந்து வைச்ச பொருளுக்குப் பேர் தேவைப்பட்டது, வாங்கிக்கொண்டம். இழுக்கிறதுக்கு எங்களிட்ட ஏற்கெனவே சொல் இருந்தது.

பொதிமாடு:
லாச்சி டச்சா! இத்தனை நாள் தமிழ் என்றே நினைத்திருந்தேன்.

வண்டிப்பேட்டை:
நெதர்லாந்தை விட்டு வெளியே போகுமுன் ஒன்று. 1632இல் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையே நேர்க்கோடாக ஒரு கால்வாய் வெட்டினார்கள். கரையில் குதிரை நடக்கும். படகின் சிறு கம்பத்திலிருந்து குதிரைக்குக் கயிறு. மணிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர். படகுக்குப் பெயர் ‘ட்ரெக்ஸ்கௌட்’, இழுபடகு. கால்வாய்க்கு ‘ட்ரெக்வார்ட்’. காற்றை நம்பாமல் நேர அட்டவணைப்படி ஓடியதுதான் அதன் பெருமை. அங்கே ட்ரெக் என்ற சொல் சொகுசுப் பயணத்தோடு ஒட்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். உள்ளே உட்கார்ந்து புகையிலை பிடித்துக்கொண்டே போகலாம். கஷ்டம் முழுக்கக் குதிரைக்கு.

இனி சொல்வலை கேட்ட வண்டி. இதன் பாகங்களைத் தெரிந்துகொண்டால் சொல் தானே விளங்கும்.

1830களின் வண்டிக்கு ஆஃப்ரிகான்ஸ் மொழியில் (டச்சிலிருந்து அங்கே பிறந்த மொழி) ‘காகபீன்வா’, தாடையெலும்பு வண்டி என்று பெயர். பக்கப் பலகை பின்னால் உயர்ந்து முன்னால் தாழ்ந்து, மாட்டின் கீழ்த்தாடை போல இருக்கும். நான்கு சக்கரம். பின்சக்கரம் பெரிது, முன்சக்கரம் சிறிது. ஏர்க்கால் ‘டிசல்பூம்’. அதன் நுனியிலிருந்து முன்னால் ஓடும் நீண்ட வடம் ‘ட்ரெக்டோ’: பச்சைத்தோல் வார்களை முறுக்கிச் செய்தது, பிற்காலத்தில் இரும்புச் சங்கிலி. இந்த வடத்தில் குறிப்பிட்ட இடைவெளியில் நுகத்தடிகள். ஒவ்வொரு நுகத்துக்கும் ஒரு ஜோடி. நுகத்தில் செருகிய குச்சிகள் கழுத்தின் இருபுறமும் இறங்கும். கீழே தோல்வாரால் கட்டுவார்கள். நம்மூர்ப் பூட்டாங்கயிறு செய்யும் வேலையேதான்.

முழுக் கட்டு 16 மாடு, எட்டு ஜோடி. சமதரையில் அத்தனை மாடு தேவைப்படாது. ஆற்றுத்துறையில் இறங்கி எதிர்க்கரை ஏறும்போதும், மணலிலும், சரிவிலும்தான் கணக்கு தெரியும். அங்கே 16 போதாமல் அடுத்த வண்டியின் மாடுகளையும் அவிழ்த்து வந்து சேர்த்துப் பூட்டுவார்கள். ஒரு வண்டியை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து அடுத்த வண்டி. நாலு வண்டி ஆற்றைக் கடப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ஏர்க்காலை ஒட்டிய கடைசி ஜோடிதான் ஆகப் பலமானது. திருப்பத்தில் வண்டியின் பாரம் முழுக்க அதன் கழுத்தில் விழும். முதல் ஜோடிக்குப் பலத்தைவிடப் பழக்கம் முக்கியம். அதன் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னே நடப்பவர் ‘ஃபூர்லோப்பர்’, பெரும்பாலும் கொய்கொய் என்ற உள்ளூர்ப் பழங்குடிச் சிறுவன் அல்லது முன்னாள் அடிமை. நீண்ட சாட்டையோடு வண்டியோட்டி தனி. ஒவ்வொரு மாட்டுக்கும் பெயர் உண்டு. பெயர் சொல்லித்தான் அதட்டுவார்கள். எட்டு ஜோடியும் ஒரே நொடியில் தோள் கொடுக்காவிட்டால் வண்டி அசையாது. புறப்படும்போது வண்டியோட்டி போடும் சத்தம் என்ன தெரியுமா? ‘ட்ரெக்!’ அதாவது ‘இழு!’

சொல்வலை:
இது போதும் போலிருக்கிறதே. பயணத்தின் பெயரே மாட்டுக்கு இட்ட ஆணைதான்.

வேர்க்கால்:
அழகாக இருக்கிறது, ஆனால் அவ்வளவு நேராக இறக்கிவிடாதீர்கள். 18ஆம் நூற்றாண்டிலேயே மேய்ச்சல் தேடி இடம் மாறிக்கொண்டிருந்த குடியானவர்களுக்கு ‘ட்ரெக்பூர்’ என்று பெயர் இருந்தது. மாட்டுக்குச் சொன்னதும் மனிதர்கள் செய்ததும் அக்கம்பக்கமாகவே வாழ்ந்த இரு பொருள்கள். ஒன்றிலிருந்து மற்றது அந்த வண்டியடியில் பிறக்கவில்லை.

வண்டிப்பேட்டை:
ஒப்புக்கொள்கிறேன். அடுத்து, என்னென்ன கெடும் என்று பார்ப்போம். ‘கடினம்’ இருப்பது இங்கேதான்.

மரச்சக்கரம் வறண்ட காற்றில் சுருங்கும். ஆரக்கால் குடத்தில் ஆடத் தொடங்கும், இரும்புப் பட்டை வட்டையிலிருந்து நழுவும். சக்கரத்தைக் கழற்றி இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டால் மரம் உப்பி இறுகும். தண்ணீரே இல்லாத இடத்தில் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே ஆப்பு அடித்துச் சமாளிக்க வேண்டும். அச்சுக்கு மை போடாவிட்டால் உரசிச் சூடேறித் தேயும். வண்டிக்கடியில் தார்ப்பானை ஒன்று எப்போதும் தொங்கும். தாரும் கொழுப்பும் கலந்த கலவைதான் மை. ஏர்க்கால் விரிசல் விட்டால் ஈரமான பச்சைத்தோல் வாரை இறுக்கிச் சுற்றிக் காயவிடுவார்கள். காய்ந்ததும் தோல் சுருங்கி இரும்புப் பூண் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். இந்த வாருக்கு ‘ரீம்’ என்று பெயர். வண்டி முழுவதையும் சேர்த்துப் பிடித்திருந்தது ஆணியைவிட அதுதான். ஆனால் அதே தோல் மழையில் நனைந்தால் நெகிழ்ந்து நீளும். தோல்வடம் நீண்டால் மாட்டின் இழுவை வண்டிக்குச் சேராது.

இறக்கம் ஏற்றத்தைவிட மோசம். பின்சக்கரத்துக்கு அடியில் ‘ரெம்ஸ்கூன்’ என்ற தடைச்செருப்பைச் சங்கிலியோடு மாட்டுவார்கள். சக்கரம் உருளாமல் அதன் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு வரும். திருவிழாத் தேருக்கு முட்டுக்கட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் நியாயம் உடனே புரியும். 1837 இறுதியில் டிராகன்ஸ்பர்க் மலைத்தொடரில் நேட்டால் பக்கம் இறங்கியபோது அது போதவில்லை. பின்சக்கரங்களையே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மரக்கிளைகளைக் கட்டி, வண்டியைத் தரையோடு உரசவிட்டு இறக்கினார்கள். செங்குத்தான இடத்தில் ஆட்கள் பின்னாலிருந்து தோல்கயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். இழு என்ற சொல் அங்கே தலைகீழ். முன்னால் இழுக்க யாரும் வேண்டாம், பின்னால் இழுத்துப் பிடிக்கத்தான் ஆள் வேண்டும்.

வேகம்? எருது மணிக்கு 3, 4 கிலோமீட்டர் நடக்கும். ஆனால் நாள் முழுக்க நடக்காது. மேய வேண்டும், படுத்து அசைபோட வேண்டும். அதை மறுத்து ஓட்டினால் ஒரு வாரத்தில் மாடு எலும்பாகி நுகத்திலேயே விழும். அதனால் நாளைத் துண்டு போட்டார்கள். பூட்டுவதிலிருந்து அவிழ்ப்பது வரை ஒரு துண்டு, ‘ஸ்கொஃப்’. வெயில் காலத்தில் விடியற்காலை ஒன்று, வெயில் தாழ்ந்தபின் ஒன்று. கூடவே ஆட்டு மந்தையும் வந்ததால் குடும்பங்களின் வேகம் ஆட்டின் வேகம்தான்.

பூட்டுவது ‘இன்ஸ்பான்’, அவிழ்ப்பது ‘அவுட்ஸ்பான்’. இரண்டும் ஆங்கிலத்துக்குள் போயின. அவிழ்த்துப் போட்டு மேயவிடும் இடத்துக்கும் அவுட்ஸ்பான் என்றே பெயர். தனியார் பண்ணைக்குள் இருந்தாலும் வழிப்போக்கர் மாட்டை மேய்த்துத் தண்ணீர் காட்ட உரிமையுள்ள இடமாக அது தென்னாப்பிரிக்க நிலச்சட்டத்தில் இடம்பெற்றது. சரியான தமிழ்ச் சொல் வண்டிப்பேட்டை. ஆள்பெயர் வைத்ததற்கு அதுவே காரணம்.

ஆனைமலை:
வண்டிப் பெருமை போதும். யாருடைய நிலத்துக்குள் இந்த வண்டி போனது என்பதையும் எழுத வேண்டும். 1834 டிசம்பர் 1இல் கேப்பில் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது. அதன்பின்னும் 1838 வரை ‘தொழில் பழகுநர்’ என்ற பெயரில் அடிமைகளை வைத்திருக்கலாம். உரிமையாளருக்கு இழப்பீடு உண்டு, ஆனால் லண்டனில் போய்க் கோர வேண்டும். பலர் அந்த உரிமையை இடைத்தரகரிடம் குறைந்த விலைக்கு விற்றார்கள். கிழக்கு எல்லையில் கோசா மக்களோடு போர். அதில் பிடித்த நிலத்தை பிரிட்டிஷ் அரசு திருப்பிக் கொடுத்துவிட்டது. இந்தக் கோபமெல்லாம் சேர்ந்துதான் புறப்பாடு. ‘விடுதலைப் பயணம்’ என்று அலங்கரிப்பவர்கள், அடிமைகளை இழந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பதைச் சொல்வதில்லை. முன்னாள் அடிமைகளும் கொய்கொய் வேலையாட்களும் கூடவே நடந்தார்கள். அவர்கள் பெயர் பட்டியலில் இல்லை.

1840களின் நடுப்பகுதிக்குள் 12,000 முதல் 15,000 பேர் வரை வெளியேறினார்கள் என்பது வழக்கமான மதிப்பீடு. போனவர்கள் தங்களை ‘எமிகிரண்ட்’, குடிபெயர்ந்தோர், என்றே சொல்லிக்கொண்டார்கள். ‘பெரிய ட்ரெக்’ என்ற தலைப்பும் ‘ஃபூர்ட்ரெக்கர்’, முன்னால் போனவர், என்ற பட்டமும் பின்னால் நிலைபெற்றவை.

அது அரசியல் சொல்லாக முழுமையாக மாறியது 1938இல். நூற்றாண்டு நினைவாகக் கேப் டவுனிலிருந்து மாட்டுவண்டிகளைத் திரும்ப ஓட்டி, டிசம்பர் 16 அன்று பிரிட்டோரியாவில் நினைவகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1949இல் அதே நாளில் திறப்பு. அந்த நினைவகத்தைச் சுற்றி 64 கல்வண்டிகள். 1838 டிசம்பர் 16இல் ஜூலு படையை எதிர்த்து நின்ற 64 வண்டி வளையம்தான் அது. அன்று மடிந்த ஜூலு வீரர்கள் சுமார் 3,000 பேர். 1995 முதல் அந்த நாள் நல்லிணக்க நாள். சொல்வலை, உங்கள் மொழிபெயர்ப்பில் ‘வீரப்பயணம்’ மாதிரி எதையும் நுழைத்துவிடாதீர்கள்.

சொல்வலை:
நுழைக்கவில்லை. அந்த எச்சரிக்கைக்கு நன்றி.

வண்டிப்பேட்டை:
@ஆனைமலை சொன்னதோடு தகராறு இல்லை. ஆனால் இழுவை எவ்வளவு மையமானது என்பதற்கு அதே வரலாற்றில் ஒரு சாட்சி இருக்கிறது. 1836 அக்டோபர், ஃபெக்கோப். சுமார் 50 வண்டிகளை வளையமாக நிறுத்தி, இடுக்கில் முட்செடி திணித்து, நெடெபெலே படையைத் தடுத்தார்கள். வளையம் உடையவில்லை. ஆனால் வெளியே நின்ற மாடுகள் அத்தனையும் போய்விட்டன. வண்டி நிறைய ஆட்கள், இழுக்க ஒரு மாடில்லை. நகரவே முடியவில்லை. தபா இன்ச்சுவிலிருந்து ரொலோங் தலைவர் மொரொக்கா எருதுகளை அனுப்பிய பிறகுதான் அங்கிருந்து கிளம்ப முடிந்தது. அதாவது அவர்களைக் காப்பாற்றி நகர்த்தியது ஆப்பிரிக்கர் ஒருவரின் மாடு. நினைவகக் கதைகள் இதை மெல்லத் தாண்டிப் போகும்.

லூயி ட்ரெகார்ட் குழு இன்னொரு மாதிரி. 1835இலேயே கிளம்பி, வடக்கே தங்கி, பிறகு கிழக்கே மலையிறங்கி 1838 ஏப்ரலில் இன்றைய மபுத்தோவை அடைந்தது. வழியில் ட்சேட்சே ஈ மாட்டைக் கொல்லும். கரையில் மலேரியா மனிதரைக் கொல்லும். போய்ச் சேர்ந்த சில மாதங்களில் ட்ரெகார்ட்டும் இறந்தார். அவர் எழுதி வந்த நாட்குறிப்பு, டச்சு ஆஃப்ரிகான்ஸாக மாறிக்கொண்டிருந்த நிலையைக் காட்டுவதால் மொழி ஆய்வாளர்களுக்கு இன்றும் பொக்கிஷம்.

மாட்டு வண்டிக் காலமே முடிந்தது 1896இல் ரின்டர்பெஸ்ட் என்ற வெக்கை நோய் தெற்கே இறங்கியபோது. மந்தை மந்தையாகச் செத்தன. வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. ரயில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

வேர்க்கால்:
இப்போது சொல்வலையின் இரண்டாம் கேள்விக்கு வரலாம். கடினம் எப்போது ஏறியது?

ஆஃப்ரிகான்ஸில் இன்றைக்கும் ஏறவில்லை! ‘ஓன்ஸ் ட்ரெக்’ என்றால் ‘வீடு மாறுகிறோம்’. லாரியில் பீரோவை ஏற்றி அடுத்த தெருவுக்குப் போனாலும் அது ட்ரெக். காரு என்ற வறண்ட சமவெளியில் ஸ்பிரிங்பொக் மான்கள் லட்சக்கணக்கில் இடம் பெயர்ந்ததும் ட்ரெக். கேப் பக்கத்து ஃபால்ஸ் விரிகுடாவில் கரையில் நின்று வலையை இழுக்கும் மீனவர்களின் வலை ‘ட்ரெக்நெட்’. ஏழு மலை தாண்ட வேண்டியதில்லை.

ஆங்கிலம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சொல்லை எடுத்தபோது வினையின் மற்ற வாழ்க்கையை எடுக்கவில்லை. பல், கோடு, தேநீர், வலை எல்லாம் பின்தங்கிவிட்டன. வந்தது ஒரே ஒரு படம்: வெட்டவெளி, நீண்ட மாட்டு வரிசை, தூசி. முதலில் ஆங்கிலத்திலும் வண்டிப் பயணத்துக்கும் அதன் ஒரு துண்டுக்கும்தான் வழங்கியது. இந்தக் குடியானவர்களின் வழிவந்த போயர்களோடு பிரிட்டன் 1899 முதல் 1902 வரை நடத்திய போயர் போரின்போது பிரிட்டிஷ் செய்தித்தாள் படித்தவர்களுக்கு வெல்ட் (புல்வெளி), கொப்பி (சிறு குன்று), கமாண்டோ, ட்ரெக் எல்லாம் தினச்சொற்கள். அதன்பின் வண்டி கழன்றது, தூசியும் அலுப்பும் மட்டும் மிஞ்சின. ‘பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒரு ட்ரெக்’ என்று இன்று ஆங்கிலேயர் அலுத்துக்கொள்வது அந்த மிச்சம்.

இரவல் போன சொல் இப்படித்தான் சுருங்கும். ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழியில் உள்ள ‘ஷ்லெப்’பும் இதே தடம்: பிறந்த இடத்தில் இழுத்துச் செல்வது, அமெரிக்க ஆங்கிலத்தில் அலுப்பூட்டும் பயணம். ‘டிராவல்’கூட ‘டிராவெயில்’ என்ற பாடுபடுதல் சொல்லோடு பிறந்தது. ‘ஜர்னி’ மட்டும் கணக்கான ஆள். பிரெஞ்சில் ஒரு நாள் என்ற சொல்லிலிருந்து வந்து, ஒரு நாள் நடையைக் குறித்தது.

ஜெர்மன் தனி வழி போனது. அங்கே ‘ட்ரெக்’ என்றால் அகதி வண்டி வரிசை. 1945 குளிர்காலத்தில் கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து குதிரை வண்டிகளில் மூட்டை முடிச்சோடு உறைந்த கடற்கழி மேல் தப்பித்தவர்களைக் குறிக்க அதே சொல்தான். ஜெர்மானியர் காதில் அது விடுமுறை நடையாக ஒலிக்காது.

கரைவலை:
ட்ரெக்நெட் என்பது நம்ம கரைவலையேதான். படகில் போய் அரைவட்டமாக வலையை விட்டு, இரு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு அணியாக இழுப்பது. வலையின் நடுவில் மடி. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் இழுக்காவிட்டால் மடி கோணிக்கொண்டு மீன் நழுவும். ‘இழுவலை’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், அது விசைப்படகு மடி, வேறு தொழில்.

ஆனைமலை:
மலைக்கு எப்படிப் போனது என்பதை நான் சொல்கிறேன். 1964இல் ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற கூர்க்கா படை அதிகாரி காத்மாண்டுவில் ‘மவுண்டன் டிராவல்’ நிறுவனத்தைத் தொடங்கினார். சிகர வேட்டைக்குப் போகாமல் அடிவாரக் கிராமங்கள் வழியே பல நாள் நடக்க வரும் வெளிநாட்டவருக்குக் கூடாரம், சமையல், சுமைதூக்கிகள் எல்லாம் ஏற்பாடு. விளம்பரத்தில் ‘ட்ரெக்’. அங்கிருந்துதான் இந்தச் சொல் இமயமலைச் சொல்லாகி நம்மிடம் இறங்கியது.

அதில் மாடு இல்லை, வண்டி இல்லை. ஆனால் சுமை உண்டு, அதை வேறு யாரோ சுமக்கிறார்கள் என்பதும் உண்டு. அந்த ஒற்றுமை யாருக்கும் உறைப்பதில்லை.

துறைப்படி ட்ரெக் என்றால் பல நாள், இரவுத் தங்கல், பாதையில் நடை. ஒரே நாளில் போய்த் திரும்பினால் ஹைக். கயிறும் பனிக்கோடரியும் எடுத்தால் மவுண்டனீரிங். எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர். அங்கே போவது ட்ரெக்தான், ஏனென்றால் கடைசி வரை நடந்தே போகலாம். அங்கே கெடுவது சக்கரம் இல்லை, மூளையும் நுரையீரலும். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்க வேண்டும். தலைவலியோடு தள்ளாட்டமும் சேர்ந்தால் பேச்சே இல்லை, உடனே இறங்க வேண்டும். எருதுக்கு அசைபோட நேரம் கொடுத்த அதே கணக்கு.

தமிழ்நாட்டில் வனத்துறை 2024இல் 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ தொடங்கியபோது ‘மலையேற்றம்’ என்ற தமிழ்ச் சொல் அரசு முத்திரையும் பெற்றுவிட்டது. இனி அதை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். மலைக்கு அது, வண்டிக்கு வேறு.

பொதிமாடு:
சரி, வண்டிக்கு என்ன? ‘நெடும்பயணம்’?

ஆனைமலை:
நெடும்பயணம் என்றால் சீனத்து மாவோ நினைவுக்கு வருவார்.

கரைவலை:
‘யாத்திரை’ வேண்டாம், சாமி வந்துவிடும். ‘நடைபயணம்’ வேண்டாம், கட்சிக்கொடி வந்துவிடும்.

காரைநகர்:
1942இல பர்மாவில இருந்து சனம் காடு மலையால நடந்து வந்ததையும் ஆங்கிலப் புத்தகங்கள் ட்ரெக் எண்டுதான் எழுதுது. பல லட்சம் பேர் வெளிக்கிட்டவை, பல்லாயிரம் பேர் வழியில செத்தவை, அதில தமிழரும் கனபேர். அதுக்குப் போய் மலையேற்றம் எண்டு போடேலாது தானே. ‘கால்நடையாய் வந்தவை’ எண்டாலே காணும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சொல்லே வேணும் எண்டு நிக்கிறது வீண் கரைச்சல்.

ஏடுபுரட்டி:
தாமதமாக வருகிறேன். வண்டி வரிசைக்குத் தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு: ‘ஒழுகை’. உப்பு வணிகர்களான உமணர் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் போவதற்குச் சங்கப் பாடல்களில் வரும் பெயர். பாரி இறந்த பின் அவன் மகளிர் குப்பைமேட்டில் ஏறி உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுவதாகப் புறநானூறு 116இல் கபிலர் பாடுகிறார். அங்கே இருக்கும் சொல் ஒழுகைதான்.

வண்டிப்பேட்டைக்கு இன்னொன்று பிடிக்கும். அதே நூலில் 102ஆம் பாட்டு, ஔவையார். எருது இளையது, பாரம் பெரிது, வழியில் பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ யாருக்குத் தெரியும் என்று உமணர் வண்டியின் கீழ்மரத்தில் ‘சேம அச்சு’ கட்டிக்கொண்டு போனார்களாம். அதாவது மாற்று அச்சு.

வண்டிப்பேட்டை:
பயிற்றாத எருது, மிகைப் பாரம், மேடுபள்ளம். எது எது அச்சை முறிக்கும் என்ற பட்டியலே அதுதான். வண்டி தெரிந்தவர் சொல்லக் கேட்டுப் பாடியிருக்கிறார்.

ஏடுபுரட்டி:
இழுவையும் துன்பமும் சேர்வதற்கும் தமிழில் இடமுண்டு. ‘வலித்தல்’ என்றால் இழுத்தல். துடுப்பு வலிப்பது இன்றும் வழக்கு. மலையாளத்தில் இழுப்பதற்கு அதுவே அன்றாடச் சொல். அதே வலி பலம், அதே வலி நோவு.

வேர்க்கால்:
ஒரே சொல்லா, ஒலி ஒத்த வேறு சொற்களா என்று நிறுவாமல் அதன் மேல் கட்டடம் கட்ட வேண்டாம். ட்ராஹெரெ விஷயத்தில் பொதிமாடு விழுந்த குழி அது.

பொதிமாடு:
நன்றி, ஞாபகம் வைத்திருப்பதற்கு.

ஏடுபுரட்டி:
சரி, ஒப்புமை என்று மட்டும் வைத்துக்கொள்வோம். ஆனால் ‘ஒழுகை’யை விடமாட்டேன். ‘பெருவண்டி ஒழுகை’ என்று வைக்கலாமே?

சொல்வலை:
படிப்பவருக்கு அடிக்குறிப்பு வேண்டும் ஐயா. மேலும் ஒழுகை என்பது வணிக வண்டி. போய்ப் பொருள் விற்றுத் திரும்பும். இவர்கள் திரும்பவில்லை. இப்போதைக்கு இப்படிப் போகிறேன்: நிகழ்ச்சியின் பெயராக வரும் இடத்தில் ‘பெரிய ட்ரெக்’. முதல் தடவை மட்டும் பக்கத்தில் ‘மாட்டுவண்டிகளில் நடந்த குடிபெயர்வு’ என்று விளக்கம். வண்டிகளின் வரிசை சாலையில் போவதாக வரும் வாக்கியங்களில் ‘வண்டி ஒழுகை’. ஒரு துண்டுப் பயணத்துக்கு ‘ஒரு பூட்டு’. அவுட்ஸ்பான் வரும் இடமெல்லாம் வண்டிப்பேட்டை.

வண்டிப்பேட்டை:
‘ஒரு பூட்டு’ நன்றாக இருக்கிறது, ஆனால் சாவி போடும் பூட்டு என்று படித்துவிடுவார்கள். ‘ஒரு பூட்டு தூரம்’ என்று எழுதுங்கள்.

சொல்வலை:
மாற்றிவிட்டேன். மூலத்தில் நாலாம் பத்தியில் ‘ட்ரெக் செயின்’ என்று வருகிறது. வடம் என்றே போடவா, சங்கிலி என்று போடவா?

வண்டிப்பேட்டை:
அந்தப் பத்தி எந்த ஆண்டைப் பேசுகிறது? 1830கள் என்றால் பெரும்பாலும் தோல், அதனால் வடம். பிற்காலச் சுரங்கச் சரக்கு வண்டி என்றால் சங்கிலி.

சொல்வலை:
1870கள், கிம்பர்லி வைரச் சுரங்கம்.

வண்டிப்பேட்டை:
அப்படியானால் சங்கிலி.